ஆலைக்காரரின் கணிதம்: ஜோர்ஜ் கிறீனின் சுயகல்வி பற்றிய ஒரு நோக்கு

ஆசிரியரின்றிக் கற்ற விஞ்ஞானிகளைப் பற்றி எழுதுவோர் அவர்தம் மேதைமையை வியந்து அமைவதே பெருவழக்கு. அவர்கள் எவற்றை, எங்கிருந்து பெற்றுக் கற்றனர் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. கணிதப் பௌதிகவியலின் முன்னோடிகளுள் ஒருவரான ஜோர்ஜ் கிறீனின் வரலாறு இவ்வினாவை எழுப்பி ஆராய்தற்குரியது.

1793இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் வெதுப்பகக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த கிறீன், ஏறத்தாழ ஓராண்டே பாடசாலையிற் கற்றார். பின்னர் தந்தையின் தொழிலிலும், 1807இல் அவர் கட்டிய காற்றாலையிலும் உழைத்தார். 1823இல் நகரின் சந்தா நூலகத்தில் அங்கத்தவரானார். அங்கு கணித நூல்கள் சிலவேயாயினும், றோயல் கழகத்தின் ஆய்வேடுகள் கிடைத்தன.

அக்காலப் பிரித்தானியக் கணிதவியலாளர் நியூற்றனின் குறியீட்டையே பற்றி நின்றமையால், ஐரோப்பியப் பகுப்புக் கணிதத்தில் நெடுங்காலம் பின்தங்கியிருந்தனர். கிறீனோ லாப்பிளாசு, புவாசோன் ஆகிய பிரெஞ்சு அறிஞர்களின் முறையையே தமதாக்கிக்கொண்டார். லாப்பிளாசின் வான்பொறியியல் நூலின் முதற்பகுதியை ஆங்கிலப்படுத்தி, 1814இல் நொட்டிங்ஹாமிலேயே வெளியிட்டவர் அந்நகரப் பாடசாலைத் தலைவர் ஜோன் ரொப்ளிசு. அவரே கிறீனுக்கு வழிகாட்டினார் எனக் கருதுவோர் உளர். எனினும் அதற்கு நேரடிச் சான்றில்லை.

இக்கல்வியின் பயனாக 1828இல் மின்னியல், காந்தவியல் பற்றிய அவரது கட்டுரை நூலுருப்பெற்றது. 'அழுத்தச் சார்பு' என்னும் பெயர், கனவளவுத் தொகையீட்டை மேற்பரப்புத் தொகையீட்டோடு இணைக்கும் தேற்றம், ஒரு புள்ளியிலுள்ள ஏற்றத்தின் விளைவைக்கொண்டு முழுத் தீர்வையும் அமைக்கும் முறை ஆகியன அதிலேயே தோன்றின. ஏழரைச் சிலிங் விலையுடைய அந்நூலுக்கு முன்கூட்டியே சந்தா செலுத்தியோர் 51 பேர். அவர்களுட் பெரும்பாலோர் அதனை விளங்கிக்கொள்ளும் பயிற்சி உடையவரல்லர்.

அதன் தகுதியை உணர்ந்த சந்தாதாரர் சேர் எட்வேட் புறோம்ஹெட் ஆவார். கேம்பிறிட்ஜில் 1812இல் தோன்றிய பகுப்புக் கழகத்தின் தொடக்க உறுப்பினருள் அவரும் ஒருவர். அவரது ஊக்கத்தால் கிறீன் 1833இல், நாற்பதாம் வயதில், கேம்பிறிட்ஜில் மாணவரானார், 1837இல் கணிதத் தேர்வில் நாலாமிடம் பெற்றார், 1841இல் மறைந்தார்.

அதுவரையும் அவரது முதல் நூல் கவனிப்பாரற்றே கிடந்தது. 1845இல் அதன் பிரதியொன்றைப் பெற்ற இளைஞர் வில்லியம் தொம்சன் அதனைப் பாரிசு அறிஞரிடம் காட்டினார். 1850 முதல் 1854 வரை அது ஜேர்மனியக் கணித சஞ்சிகையொன்றில் மறுபிரசுரமாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் சொட்டுப் பௌதிகவியலில் 'கிறீன் சார்பு' இன்றியமையாக் கருவியாயிற்று.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, கிறீனின் சாதனையை வெறும் தனிமையின் விளைவெனக் கொள்ளல் பொருந்தாது. நூல்கள் கைக்கெட்டியமையால் ஆலைக்காரர் கற்க முடிந்தது. தக்க வாசகர் வாய்க்காமையால் அவர் கற்றுக் கண்டவை பதினேழு ஆண்டுகள் உறங்கின. சுயகல்வியை மதிக்கும் சமுதாயம் நூலகத்தைத் திறந்துவைத்தால் மட்டும் போதாது. அங்கிருந்து எழுந்து வருபவரின் எழுத்தைப் படித்தறியவும் கடமைப்பட்டுள்ளது.