பெயருக்கு முன்னால் ஓர் ஊர்

எங்கள் வாழப்பாடியில் ‘பாக்’ என்று சொன்னால் எல்லோர் காதிலும் ‘பாக்கு’ என்றுதான் விழும். அதில் தப்பில்லை. சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் வழியெங்கும் பாக்குத் தோப்பும் மரவள்ளிக் காடும்தான். பாக்கு உரிக்கப் போகும் பெண்களின் கூலியில் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. இந்த ஊரில் இருந்துகொண்டு, 1685இல் ஜெர்மனியில் பிறந்த யோஹான் செபாஸ்டியன் பாக்கின் இசையை நேசிக்கிறேன் என்றும், மடிக்கணினியில் மின்னணு இசை செய்து இணையத்தில் வெளியிடுகிறேன் என்றும் ஒரு பெண் சொன்னால் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: “ஏங்கண்ணு, இதையெல்லாம் யாரு கேப்பாங்க?”

என் பெரியம்மா கேட்ட கேள்வி அது. அவர் கேலி செய்யவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பதில் தேடிப் படிக்கத் தொடங்கியபோது அந்தக் கேள்விக்கே ஒரு நீண்ட வரலாறு இருப்பது தெரிந்தது. இசை செய்த பெண்கள் பலருக்குக் கேட்பவர்கள் எதிரே வந்து உட்காரவில்லை. மறைப்புக்கு அப்பாலும் கடலுக்கு அப்பாலும் இருந்தார்கள். சில நேரம் அரை நூற்றாண்டு கழித்து வந்தார்கள். அப்படிக் கேட்பவர்கள் கிடைத்தபோதெல்லாம் இன்னொரு கேள்வியும் கூடவே வந்தது: அவர்கள் அந்த இசையை யாருடைய பெயரில் கேட்டார்கள்?

பாக் இந்தப் பக்கம் வந்த வழி

பரோக் இசை என்பது ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையிலான ஐரோப்பிய இசை. பல குரல்கள், ஒவ்வொன்றும் தன் வழியில் நடந்துகொண்டே ஒன்றையொன்று விட்டுவிடாமல் செல்வது அதன் பெரிய அழகு. கோலத்தில் பல கோடுகள் தனித்தனியாகச் சுழன்றும் ஒரே கோலமாக நிற்பதைப் போல.

அந்த இசையின் உறவு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது பாக்குக்கு வயது 21. பாக் தன் தேவாலய இசைக்கு எடுத்துக்கொண்ட அதே லுத்தரன் பாடல் மரபின் மெட்டுகள், அவர் உயிரோடிருந்த காலத்திலேயே தரங்கம்பாடியில் தமிழ்ச் சொற்களோடு பாடப்பட்டன. லுத்தரன் சபைகளில் அவற்றை இன்றும் ஞானப்பாட்டு என்பார்கள். அதற்குச் சுமார் நூறாண்டு கழித்து பாலுஸ்வாமி தீட்சிதர் வயலினைக் கற்று கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். அவருடைய அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருத வரிகள் எழுதினார். 1986இல் இளையராஜா, பாக்குக்கும் தியாகராஜருக்கும் காணிக்கையாக ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பை வெளியிட்டார். என் தலைமுறையில் பலரைப் போல நானும் அதன் வழியாகத்தான் பாக்கிடம் போய்ச் சேர்ந்தேன்.

மேலே உள்ள பெயர்களைத் திரும்பப் படித்துப் பாருங்கள். எல்லாம் ஆண்கள். தரங்கம்பாடிப் பள்ளியில் அந்த மெட்டுகளைப் பாடியிருக்கக்கூடிய சிறுமிகளில் ஒருவர் பெயர்கூட இந்தக் கதையில் வருவதில்லை.

வெனிஸின் கம்பித் தட்டி

பெண்கள் இல்லாமல் பரோக் இசையே இல்லை என்பதற்கு வெனிஸ் நகரம் சாட்சி. அங்கே பியெட்டா என்ற கைவிடப்பட்ட குழந்தைகளின் இல்லம் இருந்தது. பெற்றவர் யாரென்று தெரியாத பெண் குழந்தைகளில் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இசை கற்றுத் தந்தார்கள். 1703இல் விவால்டி அங்கே வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார். அன்று மற்ற இடங்களில் பெண்ணின் கைக்குத் தகாதவை என்று ஒதுக்கப்பட்ட செல்லோ, பசூன் போன்ற கருவிகளையும் அந்தப் பெண்கள் வாசித்தார்கள். ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து கேட்டார்கள்.

ஆனால் கேட்டவர்கள் அவர்களைச் சரியாகப் பார்க்க முடியாது. மாடத்தில் கம்பித் தட்டிக்குப் பின்னால் நின்றுதான் அவர்கள் பாட வேண்டும், வாசிக்க வேண்டும். இதேபோன்ற இன்னொரு இல்லத்தின் இசையைக் கேட்டு உருகிய தத்துவவாதி ரூசோ, அந்தத் தட்டி தந்த ஏமாற்றத்தையும், பிறகு அந்தப் பெண்களின் முகங்களை நேரில் பார்த்தபோது அடைந்த ஏமாற்றத்தையும் தன் சுயசரிதையில் எழுதிவைத்தார். இசை அவரை நிறைத்திருக்கிறது. ஆனாலும் முகத்துக்கும் மதிப்பெண் போடாமல் அவரால் இருக்க முடியவில்லை.

அந்த அனாதைப் பெண்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. வாசித்த கருவியே பெயரின் பின்னொட்டானது. அவர்களில் புகழ்பெற்றவர் ‘வயலின் அன்னா மரியா’. விவால்டி அவருக்காகவே பல கான்செர்ட்டோக்களை எழுதினார். அவர் பெயர் தாங்கிய வயலின் சுரப்புத்தகம் ஒன்று வெனிஸில் இன்றும் இருக்கிறது. இல்லத்தை விட்டுத் திருமணம் செய்துகொண்டு போகும் பெண், இனிப் பொதுவில் வாசிக்கமாட்டேன் என்று உறுதி தர வேண்டும் என்பது பொதுவான வழக்கம். தட்டிக்குப் பின்னால் இசை உண்டு, வீடு இல்லை. தட்டியைத் தாண்டினால் வீடு உண்டு, இசை இல்லை.

அதே வெனிஸில் அதற்கு முந்தைய நூற்றாண்டில் வாழ்ந்த பார்பரா ஸ்ட்ரோஸ்ஸி (1619-1677) வேறு வழி கண்டார். தேவாலயத்தில் பதவியோ ஓபராவில் இடமோ அவருக்குக் கிடைக்கவில்லை. அச்சகத்தைப் பிடித்துக்கொண்டார். 1644 முதல் 1664 வரை எட்டுத் தொகுப்புகளைத் தன் பெயரிலேயே வெளியிட்டார். ஒன்று தொலைந்துபோக, மற்றவை இன்றும் பாடப்படுகின்றன. அறிஞர்கள் கூடிய சபையில் அவர் பாடினார் என்பதற்காக அவரது கற்பைக் கேலி செய்யும் எழுத்துகள் சுற்றின. அவற்றை எழுதியவர்களை இன்று யாரும் தேடுவதில்லை. தொகுப்புகளின் முதல் பக்கத்தில் அச்சான பெயர் நிற்கிறது.

சேலம் கோதாவரியும் கோயம்புத்தூர் தாயியும்

நம் பக்கத்தில் அச்சகத்தின் இடத்தைப் பிடித்தது இசைத்தட்டு. 1902இல் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர்கள் கல்கத்தாவுக்கு வந்தபோது, மரியாதைக்குரிய குடும்பம் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள் வீட்டுப் பெண்களைப் பாட அனுப்பவில்லை. வடக்கே தவாயிஃப்களும் தெற்கே தேவதாசி மரபினரும்தான் அந்தப் புதிய குழாயின் முன் துணிந்து பாடினார்கள். கெளஹர் ஜான் தன் பாட்டின் முடிவில் தன் பெயரையும் உரக்கச் சொன்னார். பதிவுகள் ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய்த்தான் தட்டாகும். அங்கே பெயர் தவறாமல் ஒட்டப்படுவதற்காகச் செய்த ஏற்பாடு அது என்பார்கள். எனக்கு அது அதற்கும் மேலான ஒன்றாகப் படுகிறது.

எங்கள் மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய ஒரு குரலும் அந்தத் தட்டுகளில் இருக்கிறது: சேலம் கோதாவரி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவான அவருடைய தட்டுகள் சில இன்று இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன. இரைச்சலுக்கு நடுவே, மூன்று நிமிடத்துக்குள் பாட்டை முடித்தாக வேண்டிய அவசரத்திலும் பிசிறில்லாமல் ஓடும் குரல். மண்டபமோ பக்கவாத்தியக் கூட்டமோ இல்லாமல், எங்கோ ஒரு வீட்டுத் திண்ணையில் அவர் கேட்கப்பட்டார்.

கோயம்புத்தூர் தாயியின் (1872-1917) கதை இன்னும் தூரம் போகிறது. இயற்பெயர் பழனிகுஞ்சரம். சென்னையில் வாழ்ந்த அவர் ஏராளமான தட்டுகள் கொடுத்தார். அவற்றில் ஒன்று பாரிஸில் மொரீஸ் டெலாஜ் என்ற இசையமைப்பாளரின் காதில் விழுந்தது. 1912இல் இந்தியாவுக்கும் வந்துபோன டெலாஜ், தாயியின் தட்டை ஆதாரமாக வைத்து ‘ராகமாலிகா’ என்ற படைப்பை எழுதினார். தாளவாத்தியத்தின் ஒலியைக் கொண்டுவர, பியானோவின் ஒரு சுரத்துக்குரிய தந்திகளுக்கிடையே அட்டைத் துண்டைச் செருகச் சொன்னார். பியானோவுக்குள் பொருள்களைச் செருகி ஒலியை மாற்றும் முறைக்குப் பிற்காலத்தில் அமெரிக்கர் ஜான் கேஜ் பெயர்பெற்றார்; அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ்ப் பெண்ணின் பாட்டு பாரிஸில் ஒரு பியானோவின் ஒலியை மாற்றியிருக்கிறது. இன்று ‘ராகமாலிகா’வை ஆக்கியவராகக் கச்சேரிகளில் அறியப்படுபவர் டெலாஜ். அதன் பின்னால் தாயி இருக்கிறார் என்று ஆய்வாளர்களால் சொல்ல முடிவதற்குக் காரணம், தட்டின் வட்டக் காகிதத்தில் அவர் பெயரும் ஊரும் இருந்ததுதான்.

சேலம், கோயம்புத்தூர், பெங்களூர் என்று இந்தப் பெண்கள் ஊரையே முன்னெழுத்தாக வைத்துக்கொண்டதைக் கவனியுங்கள். தகப்பன் பெயர் இருக்கும் இடத்தில் ஊர் இருந்தது, அல்லது தாய் இருந்தார். எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘எம்’ மதுரை. ‘எஸ்’ அவருடைய தாயார் வீணைக் கலைஞர் சண்முகவடிவு. டி.கே. பட்டம்மாளின் ‘கே’யில் அவருடைய தந்தை கிருஷ்ணசாமி இருக்கிறார். இரண்டு எழுத்துகளுக்கு நடுவே ஒரு சமூக வரலாறே இருக்கிறது. 1947இல் தேவதாசி முறை சட்டத்தால் ஒழிந்தது. ஒழிய வேண்டிய கொடுமைதான் அது. ஆனால் அந்த மரபுப் பெண்களின் இசையும் ஊர்ப்பெயரும் அவமானச் சின்னங்களாகச் சேர்த்து ஒதுக்கப்பட்டதற்கு நாம் யாரும் கணக்குக் கேட்கவில்லை.

ஒரு நேரத்தில் ஒரு சுரம்

மின்னணு இசையும் பரோக்கும் சந்தித்த இடத்தில் நிற்பவர் வெண்டி கார்லோஸ். 1968இல் வெளியான ‘ஸ்விட்ச்டு-ஆன் பாக்’ தொகுப்பில் பாக்கின் இசையை முழுக்க மூக் சிந்தசைசரில் செய்தார். அன்றைய மூக் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தைத்தான் எழுப்பும். ஆகவே ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகப் பதிந்து நாடாவில் அடுக்கினார். பல குரல்களும் தனித்தனிக் கோடுகளாகவே நடக்கும் பாக்கின் இசைக்கு அந்த முறை அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. தட்டு லட்சக்கணக்கில் விற்றது. ஆனால் உறையில் இருந்தது திருநங்கையான அவரது பழைய ஆண் பெயர். 1979இல்தான் அவரால் வெண்டி என்று உலகத்திடம் சொல்ல முடிந்தது. உலகமே கேட்டுக்கொண்டிருந்தபோது, கேட்கப்பட்டவர் மறைந்திருக்க வேண்டியிருந்தது. வெனிஸ் தட்டியின் இன்னொரு வடிவம் அது.

அடுத்த ஆண்டு, 1969இல், அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு ஒரு மூக் வந்தது. இந்தியாவின் முதல் மின்னணு இசைக்கூடம் அங்கே தொடங்கியது. அதில் இசை செய்தவர்களில் ஒருவர் கீதா சாராபாய். பெண்கள் தொடாத பக்கவாஜைக் கற்று வாசித்தவர். 1946இல் நியூயார்க் சென்று, நான் மேலே சொன்ன ஜான் கேஜுக்கே இந்திய இசையைக் கற்றுத் தந்து, அவரிடமிருந்து ஐரோப்பியப் பலகுரல் முறையைக் கற்றவர். கேஜின் வாழ்க்கை வரலாறுகளில் அவர் பெரும்பாலும் ஒரு வரியில் வந்துபோகிறார். அகமதாபாத்தில் அவர் செய்த இசை நாடாக்களில் அடங்கிக் கிடந்தது. பால் பர்கஸ் என்ற இசைஞர் அந்த ஆவணக் காப்பகத்தைத் தேடிச் சென்றதால் 2023இல் அது தொகுப்பாக வெளிவந்தது. அரை நூற்றாண்டு கழித்துக் கேட்பவர்கள் வந்தபோது கீதா இல்லை, 2011இல் இறந்துவிட்டார். நாடாக்கள் இருந்ததால் இசை கிடைத்தது. அவற்றில் பெயர் இருந்ததால் அவரும் கிடைத்தார்.

தட்டியை யார் வைத்திருப்பது

இப்போது என் பக்கத்துக்கு வருகிறேன். நான் இசை செய்வது இரவில், வீட்டு வேலை முடிந்து, காதில் ஹெட்ஃபோனோடு. ஒரு நேரத்தில் ஒரு வரிதான் முடிகிறது. அதன்மேல் அடுத்த நாள் இன்னொரு வரி. சேகோ ஆலையின் உறுமலை அடிச்சுரமாக வைத்து அதன்மேல் மூன்று குரல்களை ஓடவிட்ட ஒரு துண்டு எனக்குப் பிடித்தமானது. முகம் இல்லாமல், ஊர் இல்லாமல், ஒரு புனைபெயரில்தான் முதலில் வெளியிட்டுவந்தேன். காரணத்தைப் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. “பொண்ணு நெட்டுல என்னமோ போடுதாம்” என்ற ஒரு வாக்கியம் எங்கள் பக்கம் எத்தனை வேகத்தில் பரவும் என்று எல்லோருக்கும் தெரியும்.

கேட்பவர்கள் வந்தார்கள். கொஞ்சம் பேர்தான். ஆனாலும் கடல் கடந்தும் இருந்தார்கள். ஹார்ப்சிகார்டு வாசிக்கும் ஒருவர் ஒரு துண்டின் இரண்டாம் குரலைப் பற்றி மட்டும் இரண்டு பத்தி எழுதி அனுப்பினார். அப்படிக் கேட்கப்படுவது எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்லி முடியாது. முகத்துக்கு மதிப்பெண் கிடையாது. ‘பொண்ணுக்கு இது பரவாயில்லை’ என்ற சலுகை கிடையாது. மறைப்பு பாதுகாப்பும் தருகிறது என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் தமிழில் வந்த செய்திகள் எல்லாம் என்னை “ப்ரோ” என்றுதான் அழைத்தன. பெயரை மறைத்தால் வெறுமை நிற்பதில்லை. அந்த இடத்தில் ஓர் ஆண் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறான். சேலத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனபோது, “பாட வந்தீங்களா மேடம்?” என்று கேட்டார்கள். பெண் என்றால் குரல், கருவி என்றால் ஆண் என்ற கணக்கு அங்கேயும் இருந்தது. நான் புனைபெயரில் செய்த ஒவ்வொரு துண்டும் அந்தக் கணக்குக்கே வலு சேர்த்துக்கொண்டிருந்தது.

மறைப்பு இருக்கிறதா இல்லையா என்பதைவிட, அது யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி என்று இந்த வரலாறு எனக்குச் சொல்கிறது. பியெட்டாவின் தட்டியை வைத்தது நிர்வாகம். வெண்டியின் மறைப்பை வைத்தது பயம். ஸ்ட்ரோஸ்ஸியும் தாயியும் கோதாவரியும் மட்டும் தாங்கள் இல்லாத இடத்துக்கும் தங்கள் பெயரை அனுப்பிவைத்தார்கள். அவர்களுக்கு இழிசொல் மிச்சமில்லாமல் கிடைத்தது. பெயரும் மிச்சமிருக்கிறது.

நான் இன்னும் முகத்தைக் காட்டவில்லை. அது என் முடிவு. ஆனால் சென்ற ஆண்டிலிருந்து என் பெயருக்கு முன்னால் வாழப்பாடி என்று போடுகிறேன், கோதாவரி சேலம் என்று போட்டதைப் போலவே. வீட்டில் நாலு நாள் பேச்சு இருந்தது. பிறகு பெரியம்மா தன் கைபேசியில் அந்தச் சேகோத் துண்டைப் போடச் சொல்லி முழுக்கக் கேட்டார். “ஆலைச் சத்தமாட்டவே இருக்குது” என்றார்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் செய்வது இசையோ, ஓவியமோ, நிரலோ, பாட்டியின் தாலாட்டைப் பதிந்ததோ, எதுவாயினும் அந்தக் கோப்புக்குள்ளேயே பெயர், ஊர், தேதி எழுதுங்கள். பாடியவர் வேறு, பதிந்தவர் வேறென்றால் இருவர் பெயரையும் எழுதுங்கள். ஒரு பிரதியை உங்கள் கையில் வைத்திருங்கள். இணையத் தளங்கள் மூடப்படும், கடவுச்சொற்கள் மறந்துபோகும். இன்று வெளியிடத் துணிவில்லை என்றாலும் பெயரெழுதி வையுங்கள். ஐம்பதாண்டு கழித்து ஒருத்தி தேடி வருவாள். அவளுக்கு இசை கிடைத்தால் மட்டும் போதாது.