'எம்' திரைப்படமும் வைமார் ஜேர்மனியின் நீதியும்

ஜேர்மனிய நெறியாளர் பிறிட்ஸ் லாங் உருவாக்கிய முதலாவது பேசும் படமான 'எம்', 1931ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் திகதி பேர்லின் நகரில் முதன்முறையாகத் திரையிடப்பட்டது. சிறுவரைக் கொல்லும் ஒருவனைப் பொலிசாரும் பாதாள உலகத்தினரும் ஒரே வேளையில் தேடும் கதை அது. குற்றப் படங்களின் வளர்ச்சியில் அதற்குரிய இடம் பலராலும் எடுத்துக்கூறப்பட்டுள்ளது. ஆயினும், சட்டத்தைத் தம் கையில் எடுப்போர் வழங்கும் நீதி எத்தகையது என்ற வினாவை, நாசிகள் ஆட்சிக்கு வருவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே எழுப்பிய படம் என்ற வகையில் அது வரலாற்று மாணவரின் கவனத்துக்கும் உரியதாகின்றது.

படம் தோன்றிய காலம் நெருக்கடி மிக்கதொரு காலமாகும். 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் வைமார் குடியரசை நிலைகுலையச் செய்திருந்தது. 1928ஆம் ஆண்டுத் தேர்தலில் 12 ஆசனங்களை மட்டுமே பெற்ற நாசிக் கட்சி, 1930 செப்ரெம்பர்த் தேர்தலில் 107 ஆசனங்களைக் கைப்பற்றியது. அதே காலப்பகுதியில் டுசெல்டோர்வ் நகரில் நிகழ்ந்த தொடர் கொலைகள் நாடெங்கும் பீதியை விளைவித்தன. அவற்றைப் புரிந்த பீற்றர் கியூர்ட்டன் 1930 மே மாதத்திற் கைதாகி, 1931 ஏப்பிரலில் மரணதண்டனை விதிக்கப்பெற்றான். 'எம்' திரைக்கு வந்தபோது அவன் உயிருடன் இருந்தான். ஜூலை 2ஆம் திகதியே தண்டனை நிறைவேற்றப்பட்டது. எனவே, படத்தின் பொருள் அன்றைய பார்வையாளருக்கு வெறுங் கற்பனையாக இருக்கவில்லை.

லாங்கும் அவருடைய மனைவி தேயா வொன் ஹார்பூவும் இணைந்து எழுதிய இக்கதையில், கொலையாளியைத் தேடிப் பொலிசார் இரவுதோறும் மதுச்சாலைகளைச் சுற்றிவளைக்கின்றனர். இதனாற் கள்வர்களின் தொழில் கெடுகின்றது. அத்தொழிலைக் காக்கும் பொருட்டே அவர்கள் கொலையாளியைத் தாமே பிடிக்கத் தீர்மானிக்கின்றனர். இது ஊன்றி நோக்கற்பாலது. பாதாள உலகத்தின் நீதி, இறந்த குழந்தைகள்பாற் கொண்ட இரக்கத்தினாற் பிறந்ததன்று. நட்டக் கணக்கிற் பிறந்தது. பொலிஸ் அதிகாரிகளின் கூட்டத்தையும் கள்வர் தலைவர்களின் கூட்டத்தையும் மாறி மாறிக் காட்டும் லாங், ஒரு கூட்டத்தில் தொடங்கும் சைகை மற்றைய கூட்டத்தில் முடிவதாக அமைத்துள்ளார். கள்வர்கள் பிச்சைக்காரரை ஒற்றர்களாக்கி நகரைக் கண்காணிக்கின்றனர். கொலையாளி சீழ்க்கையடிக்கும் கிறீக்கின் இசைத்துண்டைக் கேட்டு அவனை இனங்காண்பவன் கண்பார்வையற்ற பலூன் வியாபாரி ஆவான். 'கொலைகாரன்' என்னும் பொருள்தரும் ஜேர்மன் சொல்லின் முதலெழுத்தான 'எம்', அவனது மேலங்கியிற் சுண்ணக்கட்டியாற் பதிக்கப்படுகின்றது.

கைவிடப்பட்ட வடிசாலை ஒன்றில் நடைபெறும் 'விசாரணை'யே படத்தின் உயிர்நிலை எனலாம். அதற்குத் தலைமை தாங்கும் ஷ்றெங்கர், கொலைக் குற்றங்களுக்காகத் தானே தேடப்படுபவன். பீற்றர் லோறே நடித்த பெக்கேர்ட், தன்னை ஏதோவொன்று ஆட்டிவைக்கின்றது என்றும், தான் விரும்பிக் கொல்வதில்லை என்றும் கதறுகின்றான். தன்னைக் கட்டுப்படுத்த முடியாதவன் எனில் அவன் அழிக்கப்பட வேண்டியவன் என்பது ஷ்றெங்கரின் மறுமொழி. அத்தகையவனைத் தண்டித்தல் முறையன்று, மருத்துவரிடமே ஒப்படைத்தல் வேண்டும் என்பது அவனுக்காகப் பேசுபவனின் வாதம். ஒரே கூற்றிலிருந்து முற்றிலும் முரணான இரு முடிவுகள் பெறப்படுகின்றன. கூட்டத்தின் கூச்சலும் நகைப்பும் இரண்டாவது முடிவை மூழ்கடிக்கின்றன. எனினும், பிள்ளையை இழந்த தாயரின் துயரைப் பெண்ணொருத்தி எடுத்துரைக்கும்போது பார்வையாளரின் மனமும் அக்கூட்டத்தின் பக்கமே சாய்கின்றது. இச்சாய்வே படத்தின் மிகப் பெரிய எச்சரிக்கையாகும்.

கூட்டம் அவன்மீது பாயும் வேளையிற் பொலிசார் வந்து சட்டத்தின் பெயரால் அவனைப் பொறுப்பேற்கின்றனர். அவர்களும் வாளாவிருந்தவர் அல்லர். மனநோய் நிலையங்களிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் விபரங்கள், சிகரெட் துண்டுகள், யன்னற் படியிற் காணப்பட்ட சிவப்புப் பென்சில் துகள் ஆகியவற்றைக் கொண்டு அவர்கள் முன்னரே அவனது அறையைக் கண்டறிந்திருந்தனர். சட்டத்தின் வழி மெதுவானதாயினும் தவறானதன்று என்பதை லாங் இதன்மூலம் காட்டியுள்ளார். இறுதியில் நீதிபதிகள் தோன்றுகின்றனர், தீர்ப்போ கூறப்படுவதில்லை. எத்தீர்ப்பும் இறந்த பிள்ளைகளை மீட்டுத்தராது என்ற தாயொருத்தியின் புலம்பலுடன் படம் நிறைவுறுகின்றது.

படத்தைப் பார்த்த கோயபல்ஸ், அது மரணதண்டனைக்குச் சார்பானதெனத் தமது நாட்குறிப்பில் மெச்சி எழுதினார். வடிசாலைக் கூட்டத்தின் குரலை அவர் தம் குரலாகவே கேட்டார் போலும். 1933இல் நாசிகள் ஆட்சிக்கு வந்தபின் லாங்கும் யூதரான லோறேயும் நாட்டை விட்டு நீங்கினர். 1934இல் 'எம்' தடைசெய்யப்பட்டது. 1940இல் வெளியான 'நித்திய யூதன்' என்னும் பிரசாரப் படத்தில், லோறேயின் வாக்குமூலக் காட்சி யூத வெறுப்பை வளர்க்கும் பொருட்டுத் திணிக்கப்பட்டது.

இதனிலும் பாரதூரமான மாற்றம் சட்டத்துறையில் நிகழ்ந்தது. 1935 ஜூன் மாதத்துத் திருத்தம், சட்டத்திற் கூறப்படாத செயலையும் 'மக்களின் ஆரோக்கியமான உணர்வு' என்னும் அளவுகோலைக் கொண்டு தண்டிக்க இடமளித்தது. 'தொழில்முறைக் குற்றவாளிகள்' எனப்பட்டோர் நீதிமன்றத் தீர்ப்பின்றியே வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். ஷ்றெங்கர் போன்றோர் பிறனுக்கு வகுத்த விதி இவ்வாறு அவர்களையும் வந்தடைந்தது. 1939 முதல் மனநோயாளர் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டமை, மருத்துவமா அழிப்பா என்ற வடிசாலை விவாதத்துக்கு நாசி அரசு அளித்த விடையாயிற்று.

அமெரிக்காவில் லாங் நெறிப்படுத்திய முதற் படமான 'சீற்றம்' 1936இல் வெளிவந்தது. 1933 நவம்பரிற் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில், கொலைச் சந்தேக நபர் இருவரை மக்கள் சிறையிலிருந்து இழுத்துச் சென்று தூக்கிலிட, மாநில ஆளுநர் அச்செயலைப் பாராட்டினார். அச்சம்பவத்தின் சாயல் இப்படத்தில் உண்டு. ஆயின், இங்கு கூட்டத்தின் வெறிக்கு ஆளாகுபவன் நிரபராதி. அவன்பால் இரங்குதல் எளிது. 'எம்' படத்தின் பெக்கேர்ட்டோ ஐயத்துக்கிடமற்ற கொலையாளி. அவனுக்கும் விசாரணை உண்டா என்பதே லாங்கின் வினா. அவனுக்கு அதனை மறுத்த கூட்டத்தின் நியாயம் அரசின் நியாயமானபோது, நிரபராதிகளுக்கும் அது மறுக்கப்பட்டது என்பதற்கு 1933இன் பின்னரான ஜேர்மனிய வரலாறே சான்றாக அமைகின்றது.