'லிசன்' என்ற வினையும் உதிர்ந்துபோன உருபுகளும்



நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி ஆங்கிலப் பயிற்சியில் 'ஐ லிசன் மியூசிக்' என்று எழுதியிருந்தாள். 'டு' விடுபட்டதைச் சிவப்பு மையால் சுட்டினேன். "'ஹியர்' என்றால் 'டு' வேண்டாம், 'லிசன்' என்றால் மட்டும் ஏன் ஐயா?" என்றாள். விதி அப்படித்தான் என்றேன். அது விடையன்று.

அப்பிழை கவனக்குறைவால் நேர்ந்ததன்று. தமிழில் 'இசையைக் கேட்டேன்' என்கிறோம். 'ஐ' உருபு பெயரின் ஈற்றில் ஒட்டிக்கொள்கிறது. மலாயிலோ 'டெங்கார் லாகு' என்றாலே போதும். இவ்விரு மொழியும் பழகிய பிள்ளைக்கு 'டு' எங்கிருந்து தோன்றும்?

பழைய ஆங்கிலமும் பெயரின் ஈற்றில் உருபேற்ற மொழிதான். முதன்மையான வேற்றுமைகள் நான்கு. 'ஹியர்' என்பதன் பழைய வடிவம், ஓசையைக் கேட்டலைக் குறிக்கையில் நம் இரண்டாம் வேற்றுமை போன்றதையும், ஒருவருக்குப் பணிதலைக் குறிக்கையில் நம் நான்காம் வேற்றுமை போன்றதையும் ஏற்றது. 'பெரியோர் சொல் கேள்' என்கையில் நாமும் பணிதலையே சொல்கிறோம் அல்லவா?

அவ்வுருபுகள் ஏன் உதிர்ந்தன? சொல்லின் ஈற்றசை அழுத்தமின்றி ஒலித்தமை ஒரு காரணம். 9ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டினேவியரோடு நேர்ந்த கலப்பும் அத்தேய்வை விரைவுபடுத்தியது என்பர். 1066இல் நார்மானியர் வென்றபின் அரசவையில் பிரெஞ்சு அமர்ந்தது. ஆங்கிலத்தின் பழைய எழுத்து மரபு தளர்ந்தது. கவிஞர் சாசர் மறைந்த 1400ஆம் ஆண்டளவில், உடைமைப் பொருள் தரும் உருபு நீங்கலாகப் பெயர்களின் வேற்றுமை உருபுகள் ஏறத்தாழ மறைந்துவிட்டன. அவற்றின் பணி பெரும்பாலும் பெயருக்கு முன்னர் நிற்கும் முன்னிடைச்சொற்களிடம் வந்து சேர்ந்தது.

ஆயினும் 'லிசன்' எளிதில் 'டு'வுக்குள் அடங்கிவிடவில்லை. 1623இல் அச்சேறிய ஷேக்ஸ்பியரின் 'மெக்பத்' நாடகத்தில், இரண்டாம் அங்கத்தில், அவ்வினை முன்னிடைச்சொல் இன்றியே செயப்படுபொருளை ஏற்கிறது. என் மாணவியின் பிழை அன்று பெருங்கவிஞரின் வழக்கு! பின்னாளில் அது செய்யுளோடு ஒதுங்கி, வழக்கொழிந்தது.

இக்காலத் தேர்வுத்தாளில் 'லிசன் டு' என்பதே சரி, அதில் நெகிழ்வில்லை. கேட்கப்படும் பொருளைச் சொல்லாவிடில் 'டு' வேண்டா, 'லிசன்!' என்று தனித்தே நிற்கும். இன்னும் எழாத ஓசைக்குச் செவி கொடுத்திருந்தால் 'லிசன் ஃபார்'. பள்ளி முடியும் மணிக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளைக் காட்டியே இதை நான் விளக்குவது வழக்கம்.