புத்தகக் கட்டோடு வந்த எழுத்தாளர்



"விற்பனையாளர்களுக்கு அனுமதி இல்லை" என்ற பலகை இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பு இன்று அபூர்வம். பாதுகாப்புக்காக வைத்ததுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கதர் உடுத்திய ஒரு பெரியவர், தானே எழுதித் தானே அச்சடித்த நாவல்களைக் கட்டாகத் தோளில் சுமந்து நம் கேட்டுக்கு வந்தால் காவலாளி என்ன செய்வார்? நீங்கள் என்ன சொல்லி அனுப்புவீர்கள்?

இது கற்பனையாகக் கேட்ட கேள்வி அல்ல. தமிழில் அப்படி ஒருவர் இருந்தார். அவர் பெயர் சி. சு. செல்லப்பா. ஜல்லிக்கட்டை வைத்து அவர் எழுதிய 'வாடிவாசல்' குறுநாவலை, சூர்யா நடிக்கும் படமாக வெற்றிமாறன் எடுப்பதாக அறிவித்த பிறகு, படிக்காதவர்களும் பெயரளவில் அறிவார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த உழைப்பைத்தான் இந்த இதழில் சொல்ல விரும்புகிறேன்.

செல்லப்பா 1912-ல் பிறந்தவர். வளர்ந்தது வத்தலக்குண்டில். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜம் அய்யருக்கும், 'மணிக்கொடி' பி. எஸ். ராமையாவுக்கும் அதுதான் ஊர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். 'மணிக்கொடி'யில் சிறுகதைகள் எழுதினார், பிறகு 'தினமணி கதிர்' போன்ற பத்திரிகைகளில் வேலை பார்த்தார். மாதச் சம்பளத்தோடு பெரிய பத்திரிகை ஒன்றிலேயே காலத்தை ஓட்டியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

1959 ஜனவரியில், சென்னை திருவல்லிக்கேணியிலிருந்து 'எழுத்து' என்ற மாத இதழைத் தொடங்கினார். அந்த மாதத்தில் நம் பள்ளிப்பட்டு எங்கே இருந்தது தெரியுமா? ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில். எல்லைப் போராட்டங்களுக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணியும் பள்ளிப்பட்டும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நம் ஊரின் அந்தக் கதையையும் 'எழுத்து'வின் கதையையும் ஒரே காலத்தில் வைத்துப் பார்த்தால், நம் தாத்தா பாட்டி காலத்துச் செய்தி இது என்பது விளங்கும்.

'எழுத்து' தொடங்கும்போதே செல்லப்பா ஒரு விசித்திரமான விதி வைத்துக்கொண்டார். 2000 பிரதிக்கு மேல் அச்சடிப்பதில்லை, கடைகளில் தொங்கவிடுவதில்லை, சந்தா கட்டியவர்களுக்கு மட்டுமே இதழ். வார இதழ்கள் விற்பனைப் போட்டியில் ஓடிய காலத்தில், பத்திரிகை நடத்துகிற ஒருவர் தானே தனக்கு வரம்பு போட்டுக்கொண்டார். அந்த 2000-த்தைக்கூட 'எழுத்து' எட்டவில்லை. ஆனாலும் 1970 வரை 119 இதழ்கள் வந்தன. தமிழ்ப் புதுக்கவிதை காலூன்றியது அதன் பக்கங்களில்தான். இலங்கைத் திருகோணமலையிலிருந்து எழுதத் தொடங்கிய பிரமிளும், 'பசுவய்யா' என்ற பெயரில் கவிதை எழுதிய சுந்தர ராமசாமியும் அதில் எழுதினார்கள். இதழ் சிறியது, ஆனால் சரியான கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

இதழோடு 'எழுத்து பிரசுரம்' என்று பதிப்பகமும் நடத்தினார். தன் நாவல் 'ஜீவனாம்சம்' உட்படத் தன் நூல்களையும், மற்றவர்களின் கவிதை நூல்களையும் அதில் வெளியிட்டார். அச்சடிப்பது பாதி வேலைதான். அடித்த புத்தகம் வீட்டில் கட்டுக் கட்டாகக் கிடந்தால் அது காகிதம். ஒருவர் கைக்குப் போனால்தான் புத்தகம். கடைக்காரருக்குக் கழிவு கொடுக்க வேண்டும், விற்ற பணம் வரக் காத்திருக்க வேண்டும். பெயர் தெரியாத நூலைக் கடைக்காரர் முன்வரிசையில் வைக்கவும் மாட்டார்.

ஆகவே செல்லப்பா கட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போனார். ஆசிரியர்களையும் மாணவர்களையும் நேரில் பார்த்து, இலக்கியம் பேசி, புத்தகத்தை விற்றுவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். பொதட்டூர்ப்பேட்டை நெசவைப் பார்த்து வளர்ந்த நமக்கு, துணி மூட்டையைத் தோளில் போட்டு ஊர் சுற்றி விற்ற பழைய வழக்கம் புதிதல்ல. நெய்தவரே விற்கவும் வந்தால் துணியைப் பற்றி எந்தக் கேள்விக்கும் பதில் கிடைக்கும். எழுதியவரே விற்க வந்ததும் அப்படித்தான்.

இதற்குத் தமிழில் முன்னோடி உண்டு. 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், அச்சுச் செலவுக்காகப் பலரிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கினார். புத்தகம் வந்ததும் வாங்கிக்கொள்கிறேன் என்ற உறுதிமொழிதான் அந்தக் கையொப்பம். வாசகரின் வாக்கை நம்பி நூல் அச்சேறியது. செல்லப்பாவுக்கு அந்த முன்பணமும் இல்லை. கைப்பணம் கரைந்தது, மனைவியின் நகையும் போனது. இதை வீரக்கதையாக மட்டும் சொல்லிவிட முடியாது. ஒரு குடும்பம் கொடுத்த விலை அது.

முதுமையிலும் அவர் நிறுத்தவில்லை. சுதந்திரப் போராட்ட காலத்தை வைத்து 'சுதந்திர தாகம்' என்ற பெரிய நாவலை மூன்று பாகங்களாக எழுதி, 1997-ல் தானே வெளியிட்டார். அப்போது வயது 85. அடுத்த ஆண்டு டிசம்பரில் காலமானார். அந்த நாவலுக்கு 2001-ல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. வாங்க அவர் இல்லை.

இன்று சொந்தமாகப் புத்தகம் போடுவது எளிது. தேவைக்கேற்ப நூறு பிரதி மட்டும் அச்சடிக்கலாம், வாட்ஸ்அப்பில் அட்டையை அனுப்பலாம், கிண்டிலில் ஏற்றலாம். வாசகரைக் கண்டுபிடிப்பது மட்டும் இன்னும் அதே பழைய வேலைதான். அதற்கு ஒருவர் இன்னொருவரிடம் போய்ப் பேசியாக வேண்டும்.

இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்ந்திருக்கும். 1948-ல் வந்த நூலகச் சட்டத்தின் வழியில் நாம் கட்டும் பணம் அது. அந்த அளவில் நாம் எல்லோரும் ஏற்கெனவே புத்தகச் சந்தாதாரர்கள்தான். உறுப்பினராகி, வேண்டிய புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படித்தால் கட்டிய பணத்துக்குப் பயன்.

இன்னொரு யோசனையைச் சங்கத்தின் முன் வைக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு மாலை, நம் பொது அரங்கில் ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் போடுவோம். தானே புத்தகம் வெளியிட்ட ஓர் எழுத்தாளரை, தமிழானாலும் தெலுங்கானாலும், அழைப்போம். அவர் பேசட்டும், விற்கட்டும். பிடித்தவர்கள் வாங்கலாம், மற்றவர்கள் காபி குடித்துவிட்டுப் போகலாம். கேட்டில் இருக்கும் பலகை அப்படியே இருக்கட்டும். அந்த ஒரு மாலைக்கு மட்டும் காவலாளியிடம் ஒரு பெயரைச் சொல்லி வைத்தால் போதும்.