நிற்கக் கூடாதென்றால் நடப்போம்



1976 மார்ச் 24 அன்று அர்ஜென்டினாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. எதிர்ப்பாளர்கள் என்று சந்தேகப்பட்டவர்களை இரவோடு இரவாகத் தூக்கிச் சென்றார்கள். "என் பிள்ளை எங்கே?" என்று அலைந்த தாய்மார்களுக்கு எந்த அலுவலகத்திலும் பதில் இல்லை.

1977 ஏப்ரல் 30. தலைநகர் புவெனஸ் அயர்ஸில், அரசு மாளிகைக்கு எதிரே மாயோ சதுக்கத்தில் 14 பெண்கள் கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நகருங்கள் என்றது போலீஸ். சரியென்று இருவர் இருவராகச் சதுக்கத்தைச் சுற்றி நடந்தார்கள். பிறகு வியாழன்தோறும் நடந்தார்கள். தலையில் வெள்ளைத் துணி அடையாளமாயிற்று. 'பைத்தியங்கள்' என்று ஏளனம் செய்தது அரசு.

முன்னின்றவர் அசுசேனா வில்லாஃப்ளோர். மகனைத் தேடி வந்த இல்லத்தரசி. காணாமல் போனவர்களின் பெயர்களைப் பத்திரிகையில் விளம்பரமாக வெளியிட ஏற்பாடு செய்தார்கள். அது வெளிவந்த டிசம்பர் 10 அன்றே அவரும் கடத்தப்பட்டார்; பின்பு கொல்லப்பட்டார். மற்றவர்கள் நடையை நிறுத்தவில்லை.

1982 ஃபாக்லாந்து போரில் தோற்றது ராணுவத்தின் வீழ்ச்சிக்கு முக்கியக் காரணம். ஆனால் தோற்ற ராணுவம் தன் குற்றங்களை மூடி மறைக்க முடியாமல் செய்தவர்களில் இந்தத் தாய்மார்களுக்குப் பெரும் பங்குண்டு. 1983-இல் மக்களாட்சி திரும்பியது. 1985-இல் ராணுவத் தலைவர் விடேலாவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

அசுசேனாவின் எலும்புகள் 2005-இல்தான் அடையாளம் காணப்பட்டன. அவருடைய அஸ்தி அதே சதுக்கத்தில் புதைக்கப்பட்டது.

வாக்குச்சீட்டு இல்லாத காலத்திலும் கேள்வி கேட்கலாம் என்று காட்டியவர்கள் அவர்கள். வாக்குச்சீட்டு கையில் இருக்கும் நாம் கேட்காமல் இருக்கலாமா? உங்கள் பெண்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், ஆண்பிள்ளைகளுக்கும்தான்.