எந்த இறைச்சிக்கு மாற்று?

நிலக்கடலையோ உளுந்தோ விதைத்தவர்கள் ஒரு சோதனை செய்வதுண்டு. செடியை வேரோடு பிடுங்கி, வேரில் ஒட்டியிருக்கும் முடிச்சொன்றை நகத்தால் கிள்ளிப் பார்ப்பார்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது, காற்றிலுள்ள தழைச்சத்து பயிருக்குச் சேர்கிறது என்று பொருள். அந்தச் சிவப்பு, லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் நிறம். நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினுக்குத் தாவர உலகில் உள்ள உறவு அது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உயிர்வேதியியலர் பேட்ரிக் பிரவுன் 2011இல் தொடங்கிய இம்பாசிபிள் ஃபுட்ஸ் நிறுவனம் இந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டது. சோயாவின் மரபணுவை ஈஸ்ட்டுக்குள் செலுத்தி, நொதிகலனில் வளர்த்து, பிரித்தெடுத்த சிவப்பைத் தாவரப் புரதத்தோடும் தேங்காய் எண்ணெயோடும் சேர்த்தபோது, சூடான கல்லில் மாட்டிறைச்சியைப் போலவே நிறம் மாறி மணக்கும் பர்கர் கிடைத்தது. 2016 ஜூலையில் நியூயார்க் உணவகம் ஒன்றில் அது பரிமாறப்பட்டது. போட்டி நிறுவனமான பியாண்ட் மீட்டின் பங்கு 2019 மே மாதம் சந்தைக்கு வந்த முதல் நாளிலேயே 163 விழுக்காடு ஏறியது.

இந்த மாற்று இறைச்சி உடலுக்கும் பூமிக்கும் உண்மையான இறைச்சியைவிட நல்லதா என்ற விவாதம் அன்று முதல் ஓயவில்லை. ஆனால் அந்தக் கேள்வி பாதிதான் கேட்கப்படுகிறது. ‘மாற்று’ என்பது ஓர் உறவுச் சொல். எந்த இறைச்சியை எடுத்துவிட்டு, எதை வைத்து, யார் தட்டில் என்று சொல்லாதவரை அதற்கு விடை கிடையாது. இதுவரை வந்த பெரும்பாலான அளவீடுகள் அமெரிக்கரின் மாட்டிறைச்சி பர்கரையே எதிர்த்தட்டில் வைத்து எடைபோட்டவை.

அந்தத் தராசில் தாவர பர்கர் தெளிவாக வெல்கிறது. பியாண்ட் மீட் நிறுவனத்துக்காக மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2018இல் செய்த கணக்கின்படி, 113 கிராம் மாட்டிறைச்சி பர்கருக்கு 3.7 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான உமிழ்வு. தாவர பர்கருக்கு 0.4 கிலோ. நிலத்தேவை 93 விழுக்காடு குறைகிறது. பணம் கொடுத்த நிறுவனத்தின் கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அதே ஆண்டு ஜோசப் பூரும் தாமஸ் நெமெசெக்கும் 119 நாடுகளின் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளைத் திரட்டி ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வும் இதே திசையைத்தான் காட்டுகிறது. இறைச்சிக்காகவே வளர்க்கப்படும் மாட்டிலிருந்து 100 கிராம் புரதம் பெற உலகச் சராசரி உமிழ்வு சுமார் 50 கிலோ. ஆட்டிறைச்சிக்கு ஏறத்தாழ 20. டோஃபுவுக்கு 2 கிலோ. பருப்பு வகைகளுக்கு ஒரு கிலோவுக்கும் கீழே. அசைபோடும் விலங்கின் இரைப்பையில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் மீத்தேன் இந்த இடைவெளிக்கு ஒரு காரணம். மேய்ச்சலுக்காகக் காடு அழிவது இன்னொன்று.

கோழியை எதிர்த்தட்டில் வைத்தால் இந்த இடைவெளி சட்டென்று சுருங்கிவிடுகிறது. 100 கிராம் கோழிப் புரதத்துக்கு உமிழ்வு ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மேலே சொன்ன தாவர பர்கருக்கு அதே அளவில் இரண்டு கிலோ வரும். அப்போதும் தாவரமே முந்துகிறது, ஆனால் இருபது மடங்கு, இருபத்தைந்து மடங்கு என்ற பேச்சுக்கு இடமில்லை. பிராய்லர் கோழியையே பெரும்பாலும் உண்ணும் தமிழ்நாட்டு வீடுகளுக்கு அமெரிக்க மாட்டின் கணக்கை அப்படியே சுமத்துவது ஆய்வாகாது.

உடல்நலத்தின் பக்கம் சான்றுகள் இன்னும் மெலிந்தவை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. அன்றாடம் 50 கிராம் உண்பவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 18 விழுக்காடு கூடுகிறது என்றது. பன்றித்தொடை, சாசேஜ் போன்றவற்றை விடுவதற்கு இது வலுவான காரணம். அதற்காக, எதிரே இருக்கும் பர்கர் நல்லது என்று ஆகிவிடாது. ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 2020இல் வெளியிட்ட சோதனையில் 36 பேர் எட்டு வாரம் தாவர இறைச்சியும் எட்டு வாரம் விலங்கிறைச்சியும் உண்டனர். தாவர இறைச்சி உண்ட வாரங்களில் கெட்ட கொழுப்பு டெசிலிட்டருக்குப் பத்து மில்லிகிராம் அளவுக்குக் குறைந்தது. எடையும் ஏறக்குறைய ஒரு கிலோ குறைந்தது. இதயநோயோடு தொடர்புடையதாகக் கருதப்படும் டி.எம்.ஏ.ஓ. என்ற சேர்மமும் இறங்கியது. ஆய்வுக்கு நிதி தந்தது பியாண்ட் மீட். பங்கேற்றவர் தொகையும் சிறிது, காலமும் குறுகியது. நல்ல தொடக்கம் என்று இதைச் சொல்லலாம். தீர்ப்பு என்று சொல்ல முடியாது.

எதிர்த்தரப்பின் வாதத்திலும் ஓட்டை உண்டு. அதிகமாகப் பதப்படுத்திய உணவை உண்போர் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்கிறார்கள் என்று ஆய்வாளர் கெவின் ஹால் 2019இல் இருபது பேரைக் கொண்டு காட்டினார். தாவர பர்கரும் அந்த வகைப்பாட்டுக்குள்தான் வருகிறது, ஆகவே அதுவும் கெடுதி என்கிறார்கள். ஆனால் அங்கே சோதிக்கப்பட்டது தாவர பர்கர் அல்ல, ஒரு முழு உணவு முறை. குளிர்பானத்தையும் சோயாப் புரதத்தையும் ஒரே பெட்டியில் போடும் வகைப்பாடு இந்தக் கேள்விக்கு மிகவும் கரடுமுரடானது. பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிப்பதே மேல். 113 கிராம் இம்பாசிபிள் பர்கரில் 370 மில்லிகிராம் சோடியம் இருந்தது. உப்புப் போடாத மாட்டிறைச்சியில் அதில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். தேங்காய் எண்ணெயால் வந்த நிறைவுற்ற கொழுப்பு தொடக்க காலத்தில் இரண்டிலும் கிட்டத்தட்டச் சமம். பியாண்ட் மீட் 2024இல் தேங்காய் எண்ணெயைக் கைவிட்டு அவகாடோ எண்ணெய்க்கு மாறி, சோடியத்தையும் குறைத்தது, இந்தக் குறை உண்மையானது என்பதற்குச் சான்று.

பேச்சில் அடிபடாத மாற்று ஒன்று தமிழர் சமையலறையில் நெடுநாளாக இருக்கிறது: மீல் மேக்கர். இலங்கையில் அதன் பெயர் சோயா மீட். சோயாவிலிருந்து எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் பிதுக்கினால் பஞ்சுபோல் உப்பி உருண்டையாகிறது. உலர்ந்த 100 கிராமில் ஏறக்குறைய 52 கிராம் புரதம், கொழுப்பு மிகக் குறைவு, உப்பு நாம் போடுவதுதான். குருமாவிலும் பிரியாணியிலும் சேரும் இதை ஏழையின் கறி என்று தாழ்த்திப் பார்த்தது பெரும்பிழை.

பல்லடம் பக்கத்துப் பண்ணைகளில் ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோவை எட்டும் பிராய்லருக்கு முக்கியத் தீவனம் மக்காச்சோளமும் இதே சோயாப் புண்ணாக்கும். தீவனத்தில் உள்ள புரதத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கே உண்ணும் கறியாகத் திரும்புகிறது. உலகில் விளையும் சோயாவில் முக்கால் பங்குக்கு மேல் கால்நடைத் தீவனமாகத்தான் போகிறது. ஆகவே அமேசான் காட்டைச் சோயா அழிக்கிறது என்ற குற்றச்சாட்டை டோஃபு உண்பவர் மீது சாட்டுவது இடம் மாறிய குற்றச்சாட்டு.

கோழிக்கூண்டுக்கு இன்னொரு கணக்கும் உண்டு, அது தட்டில் தெரியாது. வேறு மருந்து பலிக்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கும் கோலிஸ்டினை வளர்ச்சிக்காகக் கோழிக்குக் கொடுத்துவந்தார்கள். அந்த மருந்துக்கு எதிர்ப்பைக் கிருமிக்குக் கிருமி கடத்தும் மரபணு 2015இல் சீனாவில் கண்டறியப்பட்டது. இந்திய அரசு 2019 ஜூலையில் உணவுக்கான விலங்குகளுக்குக் கோலிஸ்டினைத் தடைசெய்தது. இறைச்சியின் நலக்கேட்டைப் பேசுகிறவர்கள் கொழுப்போடு நின்றுவிடுவது போதாது. உண்ணாதவரையும் இந்தக் கேடு தொடும்.

கிடை ஆட்டை இந்தத் தராசில் எங்கே வைப்பது? இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்த வயல்களைத் தேடி மந்தையோடு போகிறார்கள். பகலில் தாளையும் களையையும் மேயும் ஆடு இரவில் கிடையில் அடைபட்டு வயலுக்கு எருவிடுகிறது. மனிதர் உண்ணத்தக்க தானியம் எதையும் அது பறிக்கவில்லை. மீத்தேன் அதுவும் விடத்தான் செய்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எருவாக மாறிய பங்குக்கு ஒரு கிலோ கறிக்கு இத்தனை உமிழ்வு என்ற வாய்பாட்டில் கட்டம் கிடையாது. கிடை ஆட்டையும், காட்டை அழித்து உண்டாக்கிய பிரேசில் புல்வெளி மாட்டையும் ஒரே சொல்லால் ‘இறைச்சி’ என்று அழைக்கும் வரை கணக்கு நேராகாது.

யார் தட்டில் என்ற கேள்வி கடைசியாக வந்தாலும் கனமானது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இறைச்சியிலுள்ள ஹீம் இரும்பை உடல் எளிதாக ஏற்கிறது. பயறிலும் சோயாவிலும் உள்ள ஃபைட்டேட் இரும்பையும் துத்தநாகத்தையும் கட்டிப்போடுகிறது. பி12 தாவரத்தில் இல்லை. இரத்தக்கொதிப்போடு தினம் சாசேஜ் உண்ணும் ஐம்பது வயதுக்காரருக்கு மாற்று இறைச்சி நன்மை செய்யலாம். மாதத்துக்கு இருமுறை ஆட்டு ஈரல் வாங்கிச் சமைக்கும் கர்ப்பிணிக்கு அதையே பரிந்துரைக்கும் மருத்துவர், இரும்பும் பி12உம் சேர்த்த பொருளா, அதில் எவ்வளவு உடலில் சேரும் என்று முதலில் கேட்க வேண்டும். மீல் மேக்கர் பொட்டலத்தில் இந்த இரண்டையும் சேர்த்து விற்க அரசு விதி செய்தால் செலவு அதிகம் ஆகாது. உப்பில் அயோடின் சேர்த்த நாட்டுக்கு இது புதிய வேலையும் அல்ல.