உள்விழி வில்லையில் உயிரிப்படலம்

உள்விழி வில்லையில் உயிரிப்படலம் என்பது கண்புரை அறுவைச் சிகிச்சையின்போது கண்ணுக்குள் பொருத்தப்படும் செயற்கை வில்லையின் (லென்ஸ்) மீது பாக்டீரியாக்கள் கூட்டமாக ஒட்டி, தாமே சுரக்கும் பிசின் போன்ற பொருளால் தம்மை மூடிக்கொண்டு வாழும் நிலை ஆகும். இது விழியின் உள்ளழற்சிக்குக் காரணமாகிப் பார்வையிழப்பில் முடியக்கூடும். பற்களில் படியும் காறையும் ஓர் உயிரிப்படலமே.

உருவாகும் விதம்

இமை ஓரத்திலும் விழிவெண்படலத்திலும் இயல்பாக வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் இதில் முதன்மையானது. அறுவையின்போது உட்புகும் இப்பாக்டீரியா வில்லையில் பற்றிக்கொள்கிறது. படலம் முதிர்ந்தபின் நுண்ணுயிர் எதிரி மருந்துகளும் வெள்ளையணுக்களும் அதனை எளிதில் அழிக்க இயலாது.

நீக்கும் முறைகள்

பல் உள்வைப்பின் மீதுள்ள படலத்தைச் சுரண்டியும் தூள் பீய்ச்சியும் அகற்றலாம். கண்ணுக்குள் இது இயலாது. எனவே பின்வரும் முறைகள் கையாளப்படுகின்றன.

* வான்கோமைசின், செஃப்டாசிடைம் ஆகிய மருந்துகளை விழியின் பின்பகுதியில் உள்ள கூழ்மத்தினுள் ஊசிவழி செலுத்துதல்.
* அக்கூழ்மத்தை வெட்டி அகற்றுதல். பார்வை வெளிச்சத்தை மட்டும் உணரும் அளவுக்குக் குன்றியவர்களுக்கே உடனடியாக இதனைச் செய்வதால் தெளிவான பயன் உண்டு என 1995-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது.
* வில்லையையும் அதைத் தாங்கும் உறையையும் எடுத்துவிடுதல். உறைக்குள் மறைந்திருந்து, மாதங்கள் கழித்து மீண்டும் மீண்டும் அழற்சி தரும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் தொற்றில் இது தேவைப்படலாம்.

தடுப்பும் தமிழ்நாட்டு அனுபவமும்

முதிர்ந்த படலத்தை நீக்குவதை விட அது உருவாகாமல் தடுப்பதே எளிது. அறுவைக்கு முன் போவிடோன் அயோடின் கரைசலால் கண்ணைத் தூய்மை செய்வது அடிப்படை முறை ஆகும்.

எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் பிறந்த மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் திருநெல்வேலிக் கிளை 1988-இல் உருவானது. குறைந்த விலையில் வில்லைகளைத் தயாரிக்க 1992-இல் அரோலேப் நிறுவனம் மதுரையில் அமைக்கப்பட்டது.

அறுவை முடியும் தறுவாயில் மாக்சிஃப்ளாக்சசின் மருந்தைக் கண்ணின் முன்னறைக்குள் செலுத்தும் முறையை அரவிந்த் மருத்துவமனைகள் பின்பற்றின. இதன் விளைவுகள் 2017-இல் வெளியிடப்பட்டன. மருந்து செலுத்தாத 3,02,815 அறுவைகளில் 214 கண்களிலும், செலுத்திய 3,14,638 அறுவைகளில் 64 கண்களிலும் உள்ளழற்சி ஏற்பட்டது. அதாவது பத்தாயிரத்துக்கு ஏழாக இருந்தது இரண்டாகக் குறைந்தது. இது குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்துச் செய்யப்பட்ட சோதனை அன்று; எனினும் எண்ணிக்கையால் முக்கியத்துவம் பெற்றது.

அறிகுறிகள்

கண்வலி, சிவப்பு, இமைவீக்கம், தெளிந்த பார்வை மீண்டும் மங்குதல் ஆகியன முக்கிய அறிகுறிகளாகும். இவை பெரும்பாலும் அறுவைக்குப் பின் சில நாட்களில் தோன்றும். வலி இன்றியும் தொற்று இருக்கலாம். சில மணி நேரத் தாமதமும் பார்வையைப் பாதிக்கும் என்பதால் உடனடி மருத்துவம் இன்றியமையாதது.